பூடிலுக்கு எந்த விளையாட்டு? தோள் உயரம் அளப்பதிலிருந்து முதல் போட்டி வரை

பூடில் நாய்க்கு விளையாட்டுத் தேர்ந்தெடுப்பதில் சிக்கலே, அது எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும் என்பதுதான். தாண்டச் சொன்னால் தாண்டும், தேடச் சொன்னால் தேடும், தண்ணீரைக் காட்டினால் பெரும்பாலானவை இறங்கிவிடும். ஆறு வாரத்தில் எல்லாம் கற்றுவிட்டு, ஏழாவது வாரம் மைதான வாசலில் உட்கார்ந்து உள்ளே வர மறுக்கும் பூடில்களும் உண்டு. செய்யத் தெரிந்தது வேறு, பிடித்துச் செய்வது வேறு. பிடித்ததைக் கண்டுபிடிக்க நாயின் உடம்பையும் குணத்தையும் முதலில் பார்க்க வேண்டும். விளையாட்டின் பெயர் பிறகுதான் வரும்.

கீழே வரும் விதிகளும் அளவுகளும் பெரும்பாலும் நாய் இனங்களைப் பதிவுசெய்து போட்டிகள் நடத்தும் அமெரிக்கன் கென்னல் கிளப் (சுருக்கமாக ஏகேசி) வைத்திருப்பவை. மற்ற நாடுகளில் எண்கள் மாறும். பார்க்க வேண்டிய விஷயங்கள் மாறாது.

முதல் படி: அளந்து பாருங்கள்

வாங்கும்போது “மினியேச்சர்” என்று சொன்னார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏகேசி கணக்கில் தோள் உயரம் 10 அங்குலம் வரை டாய், அதற்கு மேல் 15 அங்குலம் வரை மினியேச்சர், அதற்கும் மேலே போனால் ஸ்டாண்டர்டு. ஐரோப்பாவில் எஃப்சிஐ என்ற சர்வதேச நாய் அமைப்பு நான்காகப் பிரிக்கிறது. மினியேச்சருக்கும் ஸ்டாண்டர்டுக்கும் நடுவில் மீடியம் என்று ஒன்று உண்டு.

அளப்பதற்கு வழுக்காத சமதளத் தரை வேண்டும். நாலு காலும் நேராக ஊன்றி நிற்க, தலை இயல்பான உயரத்தில் இருக்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இரண்டு தோள்பட்டை எலும்புகளும் மேலே வந்து முட்டும் மேடுதான் அளவிடம். பூடிலின் முடி அங்கே இரண்டு விரல்கடை வரை ஏமாற்றும். விரலால் முடியை அழுத்தி எலும்பைத் தொட்டபின், அதன்மேல் ஒரு கெட்டி அட்டையைத் தரைக்கு இணையாக வைத்து, அட்டையின் அடிப்பக்கத்திலிருந்து தரை வரை டேப் பிடியுங்கள். மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், தடைகளைத் தாண்டி ஓடும் அஜிலிட்டியில் ஒரு அங்குலம் நாயின் வாழ்க்கையையே மாற்றிவிடும். ஏகேசியில் 11 அங்குலம் வரை உள்ள நாய் 8 அங்குலம் தாண்ட வேண்டும். 14 வரை 12 அங்குலம், 18 வரை 16, 22 வரை 20, அதற்கு மேல் 24. அதாவது 14 அங்குல மினியேச்சர் தன் தோளுக்குக் கீழே உள்ள குச்சியைத் தாண்டுகிறது. 15 அங்குல மினியேச்சரோ தன் தோளைவிட உயரமான 16 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். ஒரே அம்மாவுக்குப் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு இப்படி ஆகலாம். உயரமானதற்கு 4 அங்குலம் குறைத்துத் தரும் பிரிஃபர்டு பிரிவு இருக்கிறது. அதில் சேர்ப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம்.

இரண்டாவது படி: மருத்துவரிடம் எதைக் கேட்பது

“நாய் நல்லா இருக்கா?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

டாய், மினியேச்சர் என்றால் முதலில் பின்னங்கால் முழங்கால் சில்லு. ஓடிக்கொண்டே இருக்கும் நாய் இரண்டு மூன்று அடிக்கு ஒரு பின்னங்காலைத் தூக்கிக் குதித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி நாலு காலில் ஓடினால் சில்லு பள்ளத்திலிருந்து நழுவித் திரும்புகிறது என்று சந்தேகிக்கலாம். பார்ப்பவர்கள் இதைத் துள்ளல் என்று ரசித்துவிடுவார்கள். மருத்துவர் இதை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார். இரண்டாம் தரமும் அதற்கு மேலும் இருந்தால் தாண்டுவது, வளைந்து திரும்புவது, பின்னங்காலில் நிற்பது மூன்றையும் விட்டுவிட்டு மோப்ப விளையாட்டுப் பக்கம் வருவதே நல்லது. சின்ன பூடில்களில் தொடை எலும்பின் தலைப்பகுதி சிதையும் லெக்-பெர்த்தஸ் நோயும் வரும். அது பெரும்பாலும் ஒரு வயதுக்குள் நொண்டலாகத் தெரிந்துவிடும். மூச்சுக்குழாய் தளர்வும் இருப்பதால், கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்காமல், நெஞ்சைச் சுற்றி அணியும் ஹார்னஸ் போடுங்கள்.

பூடில்களில் விழித்திரை படிப்படியாகக் கெடும் பரம்பரை நோய்க்கு மரபணுச் சோதனை உண்டு. முதலில் மங்குவது இருட்டுப் பார்வை. பகலில் சுத்தமாகத் தாண்டும் நாய் சாயங்காலப் பயிற்சியில் மட்டும் குச்சியைத் தட்டினால், திட்டுவதை விட்டுக் கண்ணைக் காட்டுங்கள்.

ஸ்டாண்டர்டுக்கு இடுப்பு எக்ஸ்ரே முக்கியம். அடுத்தது வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து. ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வரும் இது சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டபின் ஓடவிடாதீர்கள், ஓடி இளைத்துக்கொண்டிருக்கும்போது சாப்பாடு வைக்காதீர்கள். வெறும் வாந்தி முயற்சியும் உப்பிய வயிறும் தெரிந்தால் மைதானத்திலிருந்து நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று அடிசன் நோய். அட்ரினல் சுரப்பி வேலை செய்யாததால் வரும் இது ஸ்டாண்டர்டு பூடிலில் மற்ற பல இனங்களைவிட அதிகம். வீட்டில் சரியாக இருக்கும். போட்டி, பயணம், விருந்தினர் என்று மன அழுத்தம் வரும் நாளில் மட்டும் வாந்தி, பேதி, நடுக்கம், சோர்வு. “போட்டி பயம்” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடப்படுவது இதுதான். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தால் மருந்தோடு நன்றாக வாழும்.

வயதையும் பாருங்கள். எலும்பு வளரும் முனைகள் மூட டாய்க்குக் கிட்டத்தட்ட பத்து மாதம், ஸ்டாண்டர்டுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். ஏகேசி அஜிலிட்டிப் போட்டிக்கு 15 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பதும், மோப்பத்துக்கும், பலகைகளைப் படித்து நாயோடு நடக்கும் ராலிக்கும் 6 மாதமே போதும் என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

மூன்றாவது படி: ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சாப்பாட்டுக்கு முன், நாய் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும்போது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனை. ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் செய்ய வேண்டும். பூடில் இரண்டாம் தடவையே உங்கள் விருப்பத்தைப் படித்து அதன்படி நடந்துவிடும். அப்போது நோட்டில் ஏறுவது உங்கள் ஆசை.

மூக்கு: புல்லில் ஐந்து உணவுத் துண்டுகளை நாய் பார்க்காதபோது போடுங்கள். மூன்று கிடைத்தபின்னும் தேடுகிறதா, உங்களிடம் வந்து கையை முகர்கிறதா?

வாய்: மெத்தென்ற பொம்மையை எறியுங்கள். துரத்துவதை எல்லா நாயும் செய்யும். கவ்விய பிறகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே கேள்வி.

பாதம்: ஒரு பழைய எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டு உணவு. தட்டு கடகடவென்று ஆடும். பயந்து விலகினாலும் பத்து விநாடிக்குள் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். விலகுவது குற்றமில்லை, திரும்பாததுதான் செய்தி.

தண்ணீர்: முட்டி அளவு தண்ணீரில் நீங்கள் இறங்கி நில்லுங்கள். கூப்பிட வேண்டாம்.

கடைசியாக, கூட்டம்: நாய்கள் பயிற்சி எடுக்கும் மைதானத்துக்கு வெளியே முப்பது மீட்டர் தள்ளிப் பத்து நிமிடம் உட்காருங்கள். கொட்டாவி விடுதல், உதடு நக்குதல், ஈரமில்லாத உடம்பை உதறுதல் எல்லாம் அழுத்தத்தின் அடையாளம். காதுகள் முன்னே வந்து உடம்பு லேசாக இருந்தால் அந்த இரைச்சல் அதற்குப் பிடித்திருக்கிறது.

நான்காவது படி: பொருத்திப் பாருங்கள்

மூன்றாவது துண்டுக்குப் பிறகும் தலை தூக்காமல் தேடிய நாய்க்கு மோப்ப விளையாட்டு. எந்த அளவு பூடிலுக்கும், எந்த வயதுக்கும், மூட்டு வலி உள்ளதற்கும்கூட இது ஒத்துவரும். பூடிலைப் பொறுத்தவரை எதுவும் புரியாவிட்டால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம், இதில் நாய்தான் முன்னே போகிறது. மனிதனின் முகத்தையே பார்த்துப் பழகிய பூடிலுக்குத் தானாக முடிவெடுக்கும் துணிச்சல் இங்கேதான் வருகிறது. பிறகு எந்த விளையாட்டுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

உங்கள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத நாய்க்கு ராலி அல்லது கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஒபீடியன்ஸ். பூடிலுக்கும் ஒபீடியன்ஸுக்கும் உள்ள உறவு பழையது. ஸ்டாண்டர்டு பூடில் வளர்த்த ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர், அவை வெறும் அலங்கார நாய்கள் என்ற பேச்சைப் பொறுக்காமல் 1933-ல் நியூயார்க் மாநிலத்தின் மவுன்ட் கிஸ்கோவில் ஒரு போட்டி நடத்தினார். வந்தவை எட்டு நாய்கள். 1936-ல் ஏகேசி அதற்கு விதிகள் வகுத்தது. மறுவருடம் அவரும் நாய்ப் பயிற்சியாளர் பிளாஞ்ச் சாண்டர்ஸும் பூடில்களை ஏற்றிய டிரெய்லருடன் அமெரிக்கா நெடுகப் போய்ச் செய்துகாட்டினார்கள். இன்று எல்லா இன நாய்களும் ஓடும் அந்தக் களம் பூடிலுக்காகத் தொடங்கியது.

ஒபீடியன்ஸில் 200-க்கு 170 மதிப்பெண் வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேலும் எடுத்தாக வேண்டும். கட்டளை ஒருமுறைதான், ஒரு பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது பாராட்டிப் பேச முடியாது. ராலியில் பலகைகளைப் படித்துக்கொண்டே நாயோடு நடப்பீர்கள். 100-க்கு 70 போதும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போகலாம். திடீர் மௌனம் பூடிலைக் கலக்கிவிடும், “என்ன தப்புச் செய்தேன்?” என்று நின்றுவிடும். அதனால் ராலியில் ஒரு வருடம் ஓடிவிட்டு ஒபீடியன்ஸுக்குப் போங்கள்.

தட்டுச் சத்தத்துக்குத் திரும்பி வந்த, கூட்டத்தில் உடம்பு லேசான நாய்க்கு அஜிலிட்டி. மினியேச்சர் இதற்கென்றே வார்த்ததுபோல இருக்கும். எடை குறைவு, கால் நீளம், திருப்பம் வேகம். டாய்க்குத் தடுமாற்றம் தருவது ஒரு முனை இறங்க மறுமுனை ஏறும் சீசா பலகை. அதன் தூக்கிய முனையிலிருந்து 12 அங்குலம் உள்ளே 3 பவுண்டு எடை வைத்தால் 3 விநாடிக்குள் தரையைத் தொட வேண்டும் என்பது விதி. இரண்டரைக் கிலோ டாய் நடுவைத் தாண்டியும் பலகை மெதுவாகத்தான் இறங்கும். நாய் கிட்டத்தட்ட முனைவரை போய்ப் பொறுத்திருக்க வேண்டும். பொறுமை இழந்து பாதியில் குதித்தால் பலகை பின்னால் படாரென்று அடிக்கும். அந்தச் சத்தம் மனதில் ஏறிவிட்டால் சீசாவை மட்டுமல்ல, மைதானத்தையே வெறுக்கும். அதனால் முதல் நாளிலிருந்து பலகை முனைக்கு அடியில் ஒரு தடித்த மெத்தையை வையுங்கள். இறங்கும் உயரம் 5 செ.மீ. மட்டுமே இருக்கட்டும். முனையில் நாலு காலும் நிற்கும்போது ஐந்து துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மெத்தையின் கனத்தை வாரத்துக்கு இரண்டு செ.மீ. குறைத்தால் போதும். ஸ்டாண்டர்டுக்குச் சிக்கல் வேறு: நீளமான உடம்பை 24 அங்குல இடைவெளியில் நட்ட கம்பங்களுக்கிடையே நெளிப்பது முதுகுக்குச் சுமை. ஒன்றரை வயது வரை கம்பத்தைக் காட்டவே வேண்டாம்.

கவ்விய பொம்மையோடு உங்களிடமே ஓடிவந்து, தண்ணீரில் தானாக இறங்கிய ஸ்டாண்டர்டுக்குத் தண்ணீர்தான் பிறந்த வீடு. பூடில் ஜெர்மனியில் வாத்து வேட்டைக்கு வளர்ந்த நாய். சிங்கம்போல முடி வெட்டும் அலங்காரமே அதிலிருந்து வந்தது: நீந்த இலகுவாகப் பின்பகுதி மழிக்கப்பட்டது, குளிர் தாக்காமல் நெஞ்சிலும் மூட்டுகளிலும் முடி விடப்பட்டது. ஏகேசியின் ரிட்ரீவர் (சுட்ட பறவையை எடுத்துவரும் நாய்) வேட்டைத் தேர்வில் ஸ்டாண்டர்டு பூடில் கலந்துகொள்ளலாம். தொடக்கநிலைத் தேர்வில் தரையில் இரண்டு, தண்ணீரில் இரண்டு பறவைகளை எடுத்துவர வேண்டும். அமெரிக்கப் பூடில் கிளப்பும் தனியே வேலைச் சான்றிதழ் தேர்வுகள் நடத்துகிறது. துப்பாக்கி, பறவை எல்லாம் வேண்டாம் என்றால் டாக் டைவிங்: 40 அடி மேடையில் ஓடிவந்து, இரண்டடி கீழே உள்ள தண்ணீரில் பாய வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் நாயைத் தண்ணீரில் தூக்கிப் போடாதீர்கள், மேடையிலிருந்தும் தொடங்காதீர்கள். சரிவான கரை, உயிர்காப்பு அங்கி, நாயின் முழங்கை அளவு ஆழம், பக்கத்தில் நீங்கள். பின்னங்கால் தரையை விட்டுத் தூக்கும் அந்த ஒரு அடிதான் கடினம். அங்கே வயிற்றுக்கடியில் கை கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றி ஓய்வு கொடுங்கள். பந்தைத் திரும்பத் திரும்பக் கவ்வும்போது விழுங்கும் தண்ணீர் ரத்தத்தின் உப்பைக் குறைத்து ஆபத்தாகலாம். தள்ளாட்டம், வாயில் ஒழுகல், வாந்தி தெரிந்தால் உடனே மருத்துவர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வைக்கோல் கட்டுகளுக்கிடையே, காற்றோட்டமுள்ள குழாயில் பத்திரமாக இருக்கும் எலியைக் கண்டுபிடிக்கும் பார்ன் ஹன்ட் மினியேச்சருக்கு அருமையாகப் பொருந்தும். தடைகளைத் தாண்டிப் பந்தை எடுத்துவரும் தொடரோட்டமான ஃபிளைபாலில் நாலு நாய் கொண்ட அணியின் குள்ளமான நாயை வைத்தே தாண்டும் உயரம் தீர்மானமாவதால் சின்ன பூடிலை ஆவலோடு சேர்த்துக்கொள்வார்கள். இரைச்சல் தாங்காத நாயை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 100 கெஜம் நேராகப் பொம்மையைத் துரத்தும் ஃபாஸ்ட் கேட்டுக்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. இசைக்கு ஆடும் ஃப்ரீஸ்டைல் பூடிலின் நடைக்கே அழகு. பனிச்சறுக்கு வண்டி வேண்டவே வேண்டாம்: ஜான் சூட்டர் 1988 முதல் 1991 வரை அலாஸ்காவின் இடிடராட் ஓட்டத்தில் ஸ்டாண்டர்டு பூடில்களை ஓட்டினார், முடியில் பனி ஒட்டி, பாதம் உறைந்து அவதிப்பட்டதில் பிறகு வடபகுதி இனங்கள் மட்டும் என்று விதியே வந்தது.

ஐந்தாவது படி: முதல் நான்கு வாரம்

மோப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரியான ஆறு அட்டைப்பெட்டிகள். ஒன்றின் அடியில் பேனாவால் குறி போடுங்கள். உணவு எப்போதும் அதில் மட்டும். மற்றவற்றில் ஒருமுறை வைத்தாலும் வாசனை தங்கிக் குழப்பும். பட்டாணி அளவு வேகவைத்த கோழி, உப்பும் மசாலாவும் இல்லாமல். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்று வாசனையைச் சுவரோரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

நாய் வேறு அறையில் இருக்கும்போது மூன்று துண்டுகளைக் குறியிட்ட பெட்டியில் வைத்து, ஆறையும் ஓரடி இடைவெளியில் பரப்புங்கள். நாயை விட்டு “தேடு” என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். கை காட்டாதீர்கள், ஒரே இடத்திலும் நிற்காதீர்கள். மூக்கு பெட்டிக்குள் போனதும் இன்னொரு துண்டை அந்தப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். கையில் கொடுத்தால் அடுத்த தடவை உங்கள் கையைத்தான் தேடும். மூன்று முறை, பெட்டி இடம் மாற்றி. அதோடு அன்றைக்கு முடிந்தது. இன்னும் கேட்கும்போது நிறுத்துவது பூடிலிடம் முக்கியம். சரியாகச் செய்ததையே பத்து முறை செய்யச் சொன்னால், தான் செய்தது தப்போ என்று புதிதாக எதையாவது செய்ய ஆரம்பிக்கும்.

இரண்டாம் வாரம் ஒரு பெட்டியைச் சாய்த்து, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி வையுங்கள். மூன்றாம் வாரம் வேறு அறை, நாற்காலிக்கு அடி. நாலாம் வாரம் பர்ச் மர எண்ணெய், போட்டியில் உணவுக்குப் பதில் தேட வேண்டிய வாசனை. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் பஞ்சு முனைக் குச்சிகளைப் போட்டு இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு மூடிவையுங்கள். மறுநாள் ஒரு குச்சியை இடுக்கியால் எடுத்துத் துளையுள்ள சிறு டப்பாவில் அடைத்து, மூடியை டேப் ஒட்டி, உணவோடு சேர்த்து வையுங்கள். இந்த எண்ணெய் விழுங்கினால் விஷம். கையுறை போடுங்கள், டப்பா நாயின் வாயில் போகாத அளவில் இருக்கட்டும்.

இதில் அடிக்கடி கெடுவது ஒன்று. நாலைந்து நாளில் நாய் வியக்கும்படி வேகமாகக் கண்டுபிடிக்கும், ஆனால் மூக்குத் தரைக்கே வராது. உங்கள் தோள் திரும்பும் திசையைப் படிக்கிறது. வீட்டில் வேறொருவரை ஒளிக்கச் சொல்லி, உங்களுக்கே தெரியாமல் தேடவிடுங்கள். அன்றைக்கு இரண்டு நிமிடம் திணறும், பரவாயில்லை.

முடி

விளையாடும் பூடிலுக்கு உடம்பு முழுக்க ஒன்றிரண்டு செ.மீ. முடி போதும். கண்ணை மறைக்கும் உச்சிமுடியை வெட்டுங்கள், அல்லது போட்டி விதி அனுமதித்தால் ரப்பர் போட்டுக் கட்டுங்கள். பாத அடித்திண்டுகளுக்கு நடுவே வளரும் முடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மழிக்காவிட்டால் சாய்பலகையில் வழுக்கும்; “ஏற பயப்படுது” என்ற புகாரில் பாதி இதுதான். தண்ணீரில் இறக்கும் முன் அடிவரை சீப்பால் வாருங்கள். சிறு சிக்கு நனைந்தால் அழுத்திய கம்பளித் துணிபோல இறுகித் தோலை இழுக்கும். நீந்தி வந்ததும் காதை மடித்துத் திறந்து, உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். மடிந்த காதும் உள்ளே வளரும் முடியும் ஈரத்தைப் பிடித்துவைத்துச் சீழ் பிடிக்கவைக்கும். ஷோவுக்காக நீள முடி வளர்ப்பவர்கள் தண்ணீரையும் வைக்கோலையும் தள்ளிவைத்து ராலி, ஒபீடியன்ஸ், மோப்பம் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாதிரி ஊரில் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அந்தத் தரையில் நாயின் பாதத்தையும் வைக்காதீர்கள்.

ஆறாவது படி: தொடர்வதா, மாற்றுவதா

எட்டு வாரம் கழித்து ஒன்றை மட்டும் பாருங்கள்: பயிற்சிப் பையை எடுக்கும்போது நாய் கதவை நோக்கி ஓடுகிறதா, கட்டிலுக்கடியில் போகிறதா? பயிற்சிக்கு நடுவே தரையை முகர்வது, திடீரென்று சொறிந்துகொள்வது, மெதுவாக நடப்பது இவற்றைப் பிடிவாதம் என்று எண்ணிக் குரலை உயர்த்தினால் பூடில் அந்த இடத்திலேயே மனதை மூடிவிடும். திறக்க மாதங்கள் ஆகும். முதலில் வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் முழு ஓய்வு. பிறகு பாதி நேரம், இரட்டிப்பு வெகுமதி. அப்போதும் கட்டிலுக்கடியில் என்றால் விளையாட்டை மாற்றுங்கள்.

கதவை நோக்கி ஓடுகிற நாய்க்கு முதல் போட்டி. ஒரு மாதம் முன்பே நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் ஒரு போட்டியைப் போய்ப் பாருங்கள். வாசல், காத்திருக்கும் இடம், ஒலிபெருக்கி எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த போட்டிக்கு நாயோடு போய், பெயர் கொடுக்காமல் ஓரத்தில் உட்கார்ந்து திரும்புங்கள். மூன்றாவதற்குப் பெயர் கொடுங்கள், ஒரு நாளைக்கு ஒரே ஓட்டம். பழகிய கூண்டு, அதை மூடும் துணி, வீட்டுத் தண்ணீர், சீப்பு, ஓட்டத்துக்குப் பின் கொடுக்கும் அந்த ஒரு விசேஷத் தின்பண்டம் இவை பையில் இருக்கட்டும். முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு கூண்டிலிருந்து எடுத்து நடக்கவிடுங்கள். அதற்கு முன்னதாக எடுத்தால் பூடில் அங்குள்ள எல்லார் முகத்தையும் படித்துக் களைத்துவிடும்.